சிவாஜிநகர் போகும் முதல் பஸ்

மாரத்தானுக்கு இன்னும் எழுபத்தாறு நாள் இருந்த அன்று, ஏற விரும்பாத ஒரு பஸ்ஸில் சஹானா நான்காவது முறையாக ஏறினாள்.

அவள் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து கிளம்பி, ஓல்டு மெட்ராஸ் ரோடைப் பிடித்து, அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவது திட்டம். பாதி வழியில் சிவாஜிநகர் போகும் முதல் பஸ் அவளைத் தாண்டியது. உள்ளிருந்து யாரோ பஸ்ஸின் தகரத்தை இரண்டு முறை தட்டினார்கள். பஸ் நின்றது.

முன் படியில் கண்டக்டர் கிருஷ்ணப்பா தலையை நீட்டினார்.

"பா தாயி, பேக பேக! வாம்மா, உனக்காகத்தான் நிறுத்தியிருக்குது. சீக்கிரம் ஏறு!"

பஸ்ஸுக்காக ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பி.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் மதிப்பெண்ணை விட்டவள் அவள். இப்போது ஜன்னலுக்கு ஒரு முகமாக ஒரு பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. ஏறிவிட்டாள்.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் லேட்டா?" என்றாள் காந்தா. மார்க்கெட்டுக்குக் காலிக் கூடையோடு போகிற பூக்காரி. பெண்கள் பக்கத்து முதல் ஸீட் அவளுடையது. "வூட்ல கடிகாரம் இல்லியா?"

சஹானா சிரித்து வைத்தாள். பின்பாதியில் ஆண்கள் ஸ்வெட்டருக்குள்ளும் மங்கி குல்லாவுக்குள்ளும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குளிரில் கண்ணைத் தவிர வேறு எதையும் வெளியே காட்டுகிற ஆண் பெங்களூரில் கிடையாது. அவர்களில் யாரோ ஒரு புண்ணியவான்தான் தினமும் தகரத்தைத் தட்டுகிறார். யாரென்று திரும்பிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். அங்கிருந்தே ஓடியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் வந்த தூரத்தை ஓடியதாகச் சேர்த்துக்கொள்வது, லேபில் எடுக்காத ரீடிங்கை எழுதுவது போல. ஏறின இடத்துக்கே திரும்பி ஓடினாள். அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

விட்டுவிடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காரணம், அப்பா.

மாரத்தான் நோட்டீஸை அவள் காட்டியபோது, வைத்தீஸ்வரன் அதைக் கடைசி வரிவரை படித்தார். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். எதையும் அப்படித்தான் படிப்பார்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரா? வீணை ஆறு மாசம். ஜெர்மன் மூணு மாசம். கம்ப்யூட்டர் கிளாஸ், ஃபீஸ் கட்டினதோட சரி. இது எத்தனை நாளைக்கு?"

"முடிப்பேன்ப்பா."

"பார்க்கலாம்."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அலாரம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஒரு 'பார்க்கலாம்' அவளைத் தினமும் எழுப்பிவிட்டது.

பஸ்ஸை மட்டும் ஒழித்தாக வேண்டும்.

மறுநாள் அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். பஸ் இல்லை. நாய்கள் இருந்தன. ஏழு நாய்களும் அவளுமாக மெயின் ரோடு வரை ஓடினார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மூடிக்கிடந்த டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நாய்கள் சுற்றிலும் உட்கார்ந்து, அவசரமில்லாமல் காத்திருந்தன. கடைசியில் சிவாஜிநகர் பஸ் வந்தபோது, இரண்டு கையையும் ஆட்டி அதை நிறுத்தியவள் அவளேதான்.

"அப்படி வா வழிக்கு!" என்றாள் காந்தா. "நேத்து வரிக்கும் பொண்ணு பாக்க வந்தாப்ல கூச்சப்பட்டுக்கினு ஏறுனே!"

சஹானா யோசித்தாள். பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறவள் பஸ்ஸுக்காக ஓடுகிறாள் என்று யாரும் நினைக்க முடியாது. நியாயமான முடிவுதான். குறுக்குத் தெருக்கள் வழியாகப் போய், ஏரிப் பக்கத்திலிருந்து வீட்டை நோக்கி ஓடினாள். பஸ் எதிரே வந்தது. தகரம் இரண்டு முறை தட்டப்பட்டது. நின்றது.

"எதையோ மறந்துட்டு வூட்டுக்கு ஓடுதுடா பாவம்!" காந்தாவின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது. "போய் எத்துக்கினு வா பாப்பா! நாங்க நிக்கிறோம்!"

நின்றார்கள். டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். சஹானா ஒரு சந்துக்குள் திரும்பி, ஒரு மதில் ஓரமாகச் சற்று நேரம் நின்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, அதற்காகத்தான் போனது போல ஆட்டிக்கொண்டே வந்து ஏறினாள். பஸ்ஸில் கைதட்டினார்கள். அன்று அவளிடம் சில்லறை இல்லை.

"டிக்கெட் ஆயித்து, கூத்கோ, உக்காரு," என்றார் கிருஷ்ணப்பா.

எடுத்தாகிவிட்டதா? யார் எடுத்தது? கேட்பதற்குள் அவர் விசில் ஊதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

வீட்டிலும் காலை நேரம் சரியாக இல்லை. அவள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பும்போது அம்மா பாமா காலி டம்ளரோடு வாசலில் நின்றாள்.

"தெருக்கோடில பால் பூத். போன மனுஷர் மைசூருக்குப் போய்ட்டு வர மாதிரி வரார்!"

அப்பா பின்னாலேயே வந்து பால் பாக்கெட்டை நீட்டினார். "க்யூ," என்றார். அவர் பேச்சு அவ்வளவுதான். சஹானாவின் ஷூவைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். அவளுக்கு வலித்தது. மறுநாள் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டாள்.

சுடிதாரில் ஓடுவதுதான் தப்பு என்று தோன்றியது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட நீல டிராக் சூட் வாங்கினாள். இனி குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

பஸ் புரிந்துகொண்டது: பாப்பா போலீஸில் சேர்ந்துவிட்டாள்.

அன்று மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். லிங்கராஜபுரத்துக்காரர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவரில் ஆணி அடித்த விவகாரத்தை விளக்கமாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்குப் பின், "டியூட்டிக்கு லேட்டா போனா வேலை போய்டும்" என்று கவலைப்பட்டு, பஸ்ஸே சேர்ந்து அவளுக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுத்தது. சிவப்பு நிறம். தலையில் இரண்டு மணி.

"இனிமே ஓடியாற வேலையே இல்ல," என்றாள் காந்தா, கண் கலங்கி.

சஹானாவும் கண் கலங்கினாள். வேறு காரணத்துக்காக. கிருஷ்ணப்பா மட்டும் திரும்பி நின்று, சிரிப்பை விசிலுக்குள் ஊதிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் தினம் தகரம் தட்டப்பட்டது. தினம் ஏறினாள், இறங்கினாள், ஏறின இடத்துக்கு ஓடி வந்து மறுபடி ஓடினாள். போட்ட திட்டத்தைவிட மிக அதிகமாக ஓடியிருக்கிறாள் என்பதை டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. அவள் கிளம்பியபோது அப்பா வீட்டில் இல்லை. பால் வாங்கப் போயிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்; பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு ஓடினாள்.

முப்பத்தாறாவது கிலோமீட்டர் பலகை, அவளுக்குப் பழகிய அதே ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது. கால்கள் அவளுடையவை அல்ல. ரோட்டின் ஒரு பாதியைக் கயிறு கட்டி ஓடுகிறவர்களுக்கு விட்டிருந்தார்கள். மறுபாதியில், ரோட்டை மறித்ததால் அன்று மிகத் தாமதமாகக் கிளம்பிய சிவாஜிநகர் முதல் பஸ் வந்தது.

டப், டப்.

நின்றது.

"பா தாயி," என்றார் கிருஷ்ணப்பா. இந்தத் தடவை அதட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்.

காந்தா கூடையைக் காலடிக்குத் தள்ளி இடம் பண்ணினாள். ஜன்னலோரம். காற்று வரும். இத்தனை நாளில் அவள் உண்மையிலேயே ஏற விரும்பியது அந்த ஒரு முறைதான். கயிற்றைத் தாண்டினால் போதும். சஹானா நின்றாள். கயிற்றைப் பிடித்தாள்.

வீணை ஆறு மாசம். ஜெர்மன் மூணு மாசம்.

கையை எடுத்தாள்.

"ஏற மாட்டேன்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் ஒரு நாளும் பஸ்ஸுக்காக ஓடலை! நான் போலீஸ் இல்லை! மாரத்தான் ஓடறேன்! இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு, முடிக்காம விட மாட்டேன்!"

ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே நீண்டது.

"அய்ய," என்றாள் காந்தா. "அப்போ அந்த டைம்பீஸு?"

சஹானா அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள். கிருஷ்ணப்பாவுக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தார். பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"வைத்தீஸ்வரன் சார்! 'பொண்ணு களைச்சுட்டா, நிறுத்துப்பா'ன்னு இத்தனை நாள் என் வண்டியைத் தட்டித் தட்டி நசுக்கினது போதும். உங்க மக ஏற மாட்டாங்களாம். அந்தக் குல்லாவைக் கழட்டிட்டு, பால் திரியறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க!"