முன்நடையர், பின்நடையர், இடைநடையர்

"தன்னலமற்ற தலைமையே ஒரு சமுதாயத்தின் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பைப் போற்றத் தவறிய எந்தச் சமுதாயமும் நிமிர்ந்து நின்றதாக வரலாறு இல்லை."

அழைப்பிதழுக்காக இந்த இரண்டு வாக்கியங்களை எழுதி முடித்தபோது ஆம்ப்ரோஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிடோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தால் பிடிக்காமல் என்ன செய்யும்?

பசுந்தடம் நடைக் கழகத்துக்கு அவர் பதினோரு வருடமாகச் செயலாளர். கழகத்தில் மொத்தம் இருபத்தாறு உறுப்பினர்கள். சனிக்கிழமைதோறும் காலையில் ஏதாவது ஒரு காட்டுப்பாதை, ஏதாவது ஒரு நீர்த்தேக்கம் என்று நடப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அரங்கை வாடகைக்கு எடுத்து, நடந்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இந்த வருட விசேஷம், முன்னின்று வழிநடத்தும் நான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டு.

கழகத் தலைவர் கோவிந்தராசு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த ஆண்டுக் கூட்டத்தை யாரும் ஒரு குறை சொல்லாம முடிச்சுக் குடுங்க, ஆம்ப்ரோஸ். அன்னைக்கே, மேடையிலேயே, உங்களைச் செயலாளர் வேலையிலேர்ந்து விடுவிச்சுடறேன்."

அந்த வாக்கை நம்பித்தான் ஆம்ப்ரோஸ் உயிரோடு இருந்தார். அவர் மனைவி ஆனியும் அதை நம்பித்தான் அவரை உயிரோடு விட்டுவைத்திருந்தார்.

"சனிக்கிழமை விடிஞ்சா உங்க போன் அலறுது. 'எந்தப் பக்கம் திரும்பணும், எங்க பஸ் ஏறணும்'னு. இந்த வருஷத்தோட முடிச்சுடுங்க. இல்லைன்னா அந்தப் போனை மீன் குழம்புல போட்டுடுவேன்."

"முடிஞ்சுடும் ஆனி. நாலு பேரு, நாலு பொன்னாடை. இதுல என்ன குறை வரப்போகுது?"

அப்போது போன் அடித்தது. கோவிந்தராசு.

"ஆம்ப்ரோஸ், அழைப்பிதழ் பார்த்தேன். பிரமாதம். ஒன்னே ஒன்னு. 'தொண்டூழியத் தலைவர்கள் நால்வருக்குப் பாராட்டு'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். வாலண்டியர் லீடர்ஸ்."

"கழகத்துக்கு எத்தனை தலைவர்?"

ஆம்ப்ரோஸுக்கு விஷயம் புரிந்தது. "நீங்க ஒருத்தர்தான் சார்."

"எனக்கு ஒன்னுமில்ல. நான் பதவிக்கு ஆசைப்படுறவன் இல்ல. ஆனா வெளியாட்கள் குழம்பிடக் கூடாது பாருங்க. ஒரே கூட்டத்துல அஞ்சு தலைவர்னா அது என்ன கட்சியா?"

அன்று மாலைக்குள் ஆம்ப்ரோஸ் ஒரு புதுச் சொல்லைக் கண்டுபிடித்தார். முன்னால் நடப்பவர், ஆகவே முன்நடையர். யாருடைய பதவியையும் உரசாத, சாதுவான சொல். தலைவருக்கும் பிடித்துவிட்டது. ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்.

"முன் கூட்டல் நடையர், புணர்ச்சி விதிப்படி முன்னடையர்னு வரணும்."

"முன்னடையா?" என்றார் பக்கத்தில் இருந்து கேட்ட ஆனி. "கூட அவியலும் உண்டா?"

சேர்க்காமலே அச்சடிப்பது என்று முடிவாயிற்று. அழைப்பிதழின் வரைவு அன்றிரவே கழக வாட்சாப் குழுவுக்குப் போயிற்று. ஆம்ப்ரோஸ் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் நற்கருணை வரிசையில் கைகூப்பி நின்றவரின் காதுக்குப் பின்னால் ஒரு குரல் சீறியது.

"முன்னாடி நடக்கிறவனுக்கு மட்டும்தான் மரியாதை. அப்படித்தானே?"

கிளாரன்ஸ். நடையில் கடைசி ஆளாக வந்து, யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்பவர்.

"கிளாரன்ஸ், வரிசையில நிக்கிறோம்."

"நான் எப்பவும் வரிசைக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். யார் பார்க்கிறா? முன்நடையராம் முன்நடையர். அந்த அழகப்பன் கிராஞ்சியில பதினேழு பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு தவளைப் பண்ணைக்குள்ள போயிட்டான். எண்ணி எண்ணி வெளிய கொண்டுவந்தது யாரு?"

அந்தச் சனிக்கிழமையை ஆம்ப்ரோஸ் மறக்கவில்லை. பஸ்ஸே வராத அந்தச் சாலையிலிருந்து அத்தனை பேரையும் இரண்டு மணி நேரம் போனிலேயே வழி சொல்லி மீட்டது அவர்தான். ஆனால் பூசை நேரத்தில் அதையெல்லாம் பேச முடியுமா? பாதிரியார் வேறு நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"சரி, சரி. உங்களுக்கும் ஒரு பொன்னாடை. பின்நடையர். போதுமா?"

"ஆமென்" என்றார் கிளாரன்ஸ். பாதிரியாருக்குச் சொன்னாரா, இவருக்குச் சொன்னாரா தெரியவில்லை.

திங்கட்கிழமை வசந்தகுமாரி கூப்பிட்டார். கழகத்தின் மூத்த பெண் உறுப்பினர். அவர் ஹலோ சொன்னாலே அதில் ஒரு புகார் இருக்கும்.

"முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். நடுவுல நடக்கிற நாங்கள்லாம் என்ன ஆட்டு மந்தையா, ஆம்ப்ரோஸ் அண்ணே? நான் நடுவுல கத்திக்கிட்டே வரலைன்னா முன்னாடி போறவங்க மேற்கே பூன் லேயிலயும் பின்னாடி வர்றவங்க கிழக்கே பிடோக்லயும் இறங்கியிருப்பாங்க."

"உண்மைதாம்மா. உங்களை இடைநடையர்னு போட்டுடறேன்."



"இடைன்னா?"

"நடு."

"இடுப்பும்தான். மேடையில என் இடுப்பைப் பத்தி மைக்குல சொல்லப் போறீங்களா?"

"சரி, நடுநடையர்."

"நடுநடுங்குற மாதிரி இருக்கு. இடையே இருக்கட்டும். எனக்கு மட்டும் குடுத்துட்டு என் பக்கத்துல நடக்கிற மூணு பேரை விட்டுடாதீங்க. அவங்க வாய் சும்மா இருக்காது."

பொன்னாடை ஒன்பது ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீராம். சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், கழகத்தின் படப்பிடிப்பாளர்.

"சார், நான் கம்ப்ளெயின்ட் பண்ணல. ஜஸ்ட் ஒரு லாஜிக் சொல்றேன். முன்னால வர்றவங்களை போட்டோ எடுக்கணும்னா நான் அவங்களுக்கும் முன்னால போகணும் இல்லையா? அப்ப டெக்னிக்கலா முன்நடையருக்கு முன்நடையர் நான்தான் சார். அதுவும் திரும்பி நின்னு ரிவர்ஸ்ல நடக்குறேன். அது இன்னும் கஷ்டம்."

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் 'எதிர்நடையர்' என்று எழுதினார்.

புதன்கிழமை பிளாஸ்திரி வைத்திருப்பவர் வந்தார். வியாழக்கிழமை, மழை வரும் என்று முன்கூட்டியே சொல்பவரும், அவர் சொன்னதை நம்பிக் குடை கொண்டுவருபவரும் வந்தார்கள். கறிப்பஃப் கொண்டுவருபவர் தன் வாயால் கேட்கவில்லை. ஆனால் வாட்சாப் குழுவில், "சிலருடைய உழைப்பு வயிற்றோடு மறக்கப்படுகிறது" என்று ஒரு சூரிய உதயப் படத்தின்மேல் எழுதிப் போட்டார்.

"எத்தனை ஆச்சு?" என்று ஆனி கேட்டார்.

"பதினாலு."

"இவங்கள்லாம் நிஜமாவே லீடரா?"

"லீடரா? எனக்குத் தெரியாதா இவங்க நடக்கிற லட்சணம்! பாதிப் பேருக்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு எந்த பஸ்னு தெரியாது. ஒருத்தர் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை வந்து, அதுலயும் பாதியில கோப்பி குடிக்க உட்கார்ந்துடுவார். நடக்கவே நடக்காதவங்களுக்குத்தான் பொன்னாடை ஆசை அதிகம்."

ஆனி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மீன் கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மேலும் நான்கு செய்திகள். ஆம்ப்ரோஸுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழுவுக்கு ஒரே அறிவிப்பாகத் தட்டினார்:

"கழக நடை ஒன்றிலாவது கலந்துகொண்ட எவரும் பாராட்டுக்கு உரியவரே. பெயரை ரஷீதாவிடம் பதிவு செய்க. ஒரு நடைக்குக்கூட வராதவர் தயவுசெய்து பெயர் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் கழகத்தின் மானத்தைக் கீழே இறக்க என்னால் முடியாது."

கடைசி வரியில் குத்தல் இருந்தது. யாருக்கும் குத்தவில்லை. அரை மணி நேரத்தில் இருபத்து மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன. நடைகளின் வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் ரஷீதா, வங்கியில் வேலை பார்ப்பவர், பெயர்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தன் பெயரையும் சேர்த்துப் பட்டியலை அனுப்பினார். தலைவருக்கு முன்பே பதவி இருந்ததால் அவர் அதில் இல்லை. மொத்தம் இருபத்து நான்கு.

சிராங்கூன் சாலைக் கடையில் ஆம்ப்ரோஸ் இன்னும் இருபத்தொரு பொன்னாடை கேட்டார். ஒன்று கையிருப்பாக.

"எந்தக் கோயில் கும்பாபிஷேகம் சார்?" என்று கடைக்காரர் பயபக்தியோடு கேட்டார்.

"நடக்கிறவங்களுக்கு."

"பாத யாத்திரையா?"

ஆம்ப்ரோஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

விழா நாள். மாடி அரங்கில் நாற்பது நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒலிபெருக்கியில் கோவிந்தராசு கம்பீரமாக அழைத்தார்.

"பாராட்டுப் பெறுவோர் மேடைக்கு வருக!"

அரங்கமே எழுந்து மேடைக்குப் போனது. எட்டுப் பேருக்கான மேடையில் இருபத்து நான்கு பேர் ஏறினார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். கீழே ஆனி மட்டும் மடியில் கைப்பையோடு, நாற்பது நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், பிரியாணி அண்டா கொண்டுவந்திருந்த சமையல்காரர் ரபியா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பார்வையாளர்கள் பலத்த கரவொலி எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்!"

ஆனி கைதட்டினார். ரபியா கரண்டியால் அண்டாவைத் தட்டினார்.

பொன்னாடையோடு சான்றிதழும் கொடுக்கப்பட்டது. கிளாரன்ஸின் சான்றிதழை ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தார். தலைவர் அச்சகத்துக்கு நேராகவே போய், புணர்ச்சி விதிப்படி 'பின்னடையர்' என்று திருத்தியிருக்கிறார். அச்சகத்தின் கணினி அதைத் தன் அறிவுக்கு எட்டியபடி இன்னொரு தடவை திருத்தியிருக்கிறது. தங்க எழுத்தில் மின்னியது: 'இவ்வாண்டின் சிறந்த பின்னடைவு - திரு. கிளாரன்ஸ்.'

கிளாரன்ஸ் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆம்ப்ரோஸ் மனத்துக்குள் ஜெபமாலை உருட்டினார்.

"பின்னடைவு... பின்னாடி வந்து அடைவது. நல்லா இருக்குலா" என்று கிளாரன்ஸ் சட்டகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

போர்த்தி முடித்தாயிற்று. படம் எடுத்தாயிற்று. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வசந்தகுமாரியே சிரித்தார். ஆம்ப்ரோஸுக்குக் கண் கலங்கியது.

"சொன்ன சொல் தவறாதவன் இந்தக் கோவிந்தராசு!" என்று தலைவர் முழங்கினார். "பதினோரு ஆண்டு ஓயாது உழைத்த செயலாளர் ஆம்ப்ரோஸ் அவர்கள் இன்று விடுவிக்கப்படுகிறார்!"

ஆனி எழுந்து நின்று தட்டினார்.

"புதிய செயலாளராக முன்வருபவர் யார்?"

முன்நடையர்கள் நால்வரும் ஓரடி பின்னால் போனார்கள். பின்நடையர் ஏற்கெனவே திரைக்குப் பின்னால் போயிருந்தார். எதிர்நடையர் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கு ஒரு பொறுப்புதான் நியாயம்" என்றார் வசந்தகுமாரி. "இங்க மேடையில இருக்கிற நாங்க எல்லாரும் ஆல்ரெடி ஒரு பொறுப்புல இருக்கோம். இதுக்கு மேல எங்களைக் கசக்கக் கூடாது."

"நியாயம், நியாயம்" என்று இருபத்து மூன்று பொன்னாடைகள் அசைந்தன.

"அப்படின்னா பொறுப்பு இல்லாத உறுப்பினர் யார் இருக்காங்க?" என்று தலைவர் அரங்கத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மேடைக்குக் கீழே, கையிருப்புப் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலிகளை நேர்படுத்திக்கொண்டிருந்த ஒரே ஒருவரைப் பார்த்தார்கள்.

ஆனியின் கை தட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது.

"இருங்க, இருங்க!" என்று ஆம்ப்ரோஸ் மேடையை நோக்கி ஓடினார். "இத்தனை பேருக்கும் பேர் வச்சவன் நான். எனக்கும் ஏதாவது ஒரு நடையர்னு குடுங்க. பக்கநடையர், மேல்நடையர், எதுவா இருந்தாலும் சரி! பொன்னாடைகூட மிச்சம் இருக்கு!"

"தாராளமா!" என்றார் கோவிந்தராசு பெருந்தன்மையோடு. "உங்களுக்கு இல்லாததா? நீங்க போட்ட விதிதான். ஒரே ஒரு நடைக்கு வந்திருந்தா போதும். ரஷீதா, சாருக்கு ஒரு தேதியை எடுத்துச் சொல்லும்மா."

ரஷீதா பதிவேட்டைப் புரட்டினார். இந்த வருடம். போன வருடம். அதற்கு முந்தைய வருடம். பக்கங்கள் மெதுவாகத் திரும்பின. அரங்கம் காத்திருந்தது. ஆனி கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு ரஷீதா நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷத்துல ஆம்ப்ரோஸ் அண்ணன் ஒரு நடைக்குக்கூட வந்ததில்ல, சார்."