இடுப்பில் இருந்த இருநூறு கிராம்

மூக்கு இரண்டு முறை உடைந்த மனிதன் நான். கூண்டுக்குள் எதிரே நிற்பவன் எவனாக இருந்தாலும் எனக்குப் பயம் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை (சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்). ஆனால் என்னை அழவைத்த ஒரே எதிரி ஓர் எடைக் கருவி. அதுவும் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில், சொந்தக்காரர்கள் இருபது பேர் பார்க்க, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டோடு.

கலப்புத் தற்காப்புக் கலை என்று பத்திரிகையில் போடுவார்கள். கிள்ளானில் என் உறவினர்களுக்கு அது 'கூண்டுச் சண்டை'. கிடங்கு வேலையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் மூன்று வருஷம் அடி வாங்கிய பிறகு, முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது. மூன்று சண்டைகள். சனிக்கிழமை முதல் சண்டை. வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு ஒரு குண்டுமணி கூடினாலும் சண்டை ரத்து, ஒப்பந்தமும் ரத்து. புதிய ஆளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அந்த வயதில் எனக்கு வாய் அதிகம். எதிராளி ரவாங்கைச் சேர்ந்த பிரபு என்ற பையன். நான் பார்த்தும் பேசியும் இராத அவனைப் பற்றி விளம்பர வீடியோவில் சொன்னேன்: "ரவாங்குக்குப் போற கொமுட்டர் ரயில்ல அவன் உக்காந்து போக முடியாது பாஸ். படுக்க வச்சுத்தான் அனுப்புவேன்." சொல்லிவிட்டுக் கேமராவுக்கு ஒரு முத்தம் வேறு. (இப்போது அந்த வீடியோவைப் பார்த்தால் நானே என்னை அறைவேன்.)

எடைக் குறைப்பில் மட்டும் நான் பேராசிரியர். இரண்டு மாதம் உப்பில்லை, சோறில்லை. வீட்டில் யாராவது ரொட்டி சானாய் தின்றால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். பதினான்கு கிலோ கரைந்தது. அதில்தான் வினை ஆரம்பித்தது.

சின்ன வயதிலிருந்து என் இடுப்பில் கிடந்த மெல்லிய வெள்ளி அரைஞாண் கொடி, நான் இளைக்க இளைக்க இறங்கி, கடைசியில் ஒருநாள் குளிக்கும்போது காலடியில் விழுந்தது. விதிப்படி எந்த நகையும் கூடாது. விழுந்தது நல்லதுதான் என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. சண்டைக்குப் போகிற பிள்ளையின் கொடி தானாகக் கழன்று விழுந்ததா! அவர் கிள்ளானில் தெரிந்த நகைக்கடைக்குப் போய், புதிதாக ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்தேன். ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது. அப்பாடா என்று அப்படியே பாயில் சாய்ந்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அரைத் தூக்கத்தில் அம்மா இடுப்பில் என்னவோ மாட்டினார். விரல் தடிமன், கூடவே இரண்டு தாயத்து. அப்பா குறடோடு வந்து திருகாணியை முறுக்கினார்.

"கூண்டுக்குள்ள உருளுவியாமே. கழண்டு விழுந்துடக் கூடாதுல்ல."

"நல்லா டைட்டா வைங்கப்பா" என்று நானும் சொன்னேனாம். அப்போது என் உடம்பிலேயே தண்ணீர் இல்லை, மூளைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

மதியம் பேரங்காடிக்குப் போனோம். என் முகம் அச்சடித்த டி-சட்டையோடு குடும்பமே வேனில் வந்து இறங்கியது. பிரபு முதலில் ஏறினான். ஐம்பத்தாறு புள்ளி எட்டு. இறங்கி, தலைமூடி வைத்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். நான் இரண்டு கையையும் மடக்கிப் புஜம் காட்டி, கூட்டத்தைக் கத்தவைத்து, ராஜா மாதிரி ஏறினேன்.

ஐம்பத்தேழு புள்ளி ஐந்து.

சட்டையைக் கழற்றினேன். ஐம்பத்தேழு புள்ளி மூன்று. துண்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லி மீதியையும் கழற்றினேன். ஐம்பத்தேழு புள்ளி ஒன்று. மூச்சை வெளியே விட்டேன், எச்சில் துப்பினேன். எடைக் கருவிக்கு இரக்கமே இல்லை. பக்கத்தில் நின்ற மலாய்க்கார அதிகாரி துண்டுக்குள் ஒரு பார்வை விட்டார்.

"பாஸ், அது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"அது... உடம்போட ஒட்டினது, என்சிக்" என்று மலாயிலேயே 'ஐயா' போட்டேன்.

"ஒட்டினதா? ஸ்குரூ தெரியுதே."

என் கோச் லிம் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த சீனர். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் தானாக வரும். "டேய்! ரெண்டு மாசம் புல்லு தின்னுட்டு, இடுப்புல இரும்புக் கடைய சுத்திக்கிட்டு வந்திருக்கியா? மண்டைல ஒண்ணுமே இல்லையா உனக்கு?"

"இரும்பு இல்ல கோச், வெள்ளி" என்றேன். அடிக்காமல் விட்டாரே, அந்தப் பெருந்தன்மையை இன்றும் மறக்கவில்லை.

அதிகாரி ஒரு மணி நேரம் தந்தார். இடுப்பு எலும்புக்குக் கீழே கொடி இறங்கவில்லை. திருகாணியை விரலால் அசைக்க முடியவில்லை. குறடோ கிள்ளான் வீட்டில். என் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பா கீழ்த்தளத்துக் கடைக்கு ஓடி, புதுக் குறடு ஒன்று வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அதற்குள் அம்மா மேடையேறிக் குறுக்கே நின்றுவிட்டார்.

"கொடியக் கழட்டக் கூடாது."

"அம்மா, கழட்டலன்னா சண்டை இல்லம்மா."

"உசிரோட இருக்கிற ஆம்பளைக்கு யாருடா கொடியக் கழட்டுவாங்க?"

"மூணு வருஷம்மா... வேலைய விட்டுட்டேம்மா..." என்று ஆரம்பித்தவன், தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். கண்ணீராவது கொஞ்சம் எடை குறைக்கும் என்று கோச் தடுக்கவில்லை.

அம்மாவின் முகம் மாறியது. "சரி, கழட்டுங்க. ஆனா முதல்ல கறுப்புக் கயிறு கட்டணும். எம்புள்ள ஒரு நிமிஷம்கூட வெறும் இடுப்போட நிக்கக் கூடாது."

கறுப்புக் கயிற்றுக்கு எங்கே போவது? கோச்சின் காலணிக் கயிறு வெள்ளை. வேனில் கட்டியிருந்தது பச்சை நைலான். பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போய் வர, வெள்ளிக்கிழமை நெரிசலில் ஒரு யுகம் ஆகும். பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது பிரபு மேடையேறி வந்தான். தன் சட்டையின் தலைமூடியில் கோத்திருந்த கயிற்றைச் சர்ரென்று உருவி அம்மாவிடம் நீட்டினான்.

"ஆன்டி, இது போதுமா? கறுப்புதான்."

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ எடைல ஃபெயில்னா எனக்கும் சண்டை இல்லடா. நானும் வேலைய விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அப்புறம், என்னைப் படுக்க வச்சு அனுப்பணும்ல?"

அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை எடை போட்டிருந்தால் நான் கனரகப் பிரிவுக்கே போயிருப்பேன். அம்மா துண்டுக்குள் கையை விட்டு அந்தக் கயிற்றைக் கட்டினார். அப்பா குறடு வைத்துத் திருகினார். திருகாணி தெறித்தது. ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது! கூட்டம் கத்திய கத்தலில் துண்டு பிடித்தவர்களும் கை தட்டிவிட்டார்கள். (துண்டு என்ன ஆனது என்பதை எழுதமாட்டேன். நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. பிரபுவின் நெற்றியில் திருநீறு பூசி, "சாப்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டாவது சுற்று. பிரபுவின் கழுத்தைச் சுற்றி என் கை நன்றாக மாட்டிவிட்டது. இன்னும் மூன்று வினாடியில் அவன் என் கையில் தட்டிச் சரணடைய வேண்டியதுதான். அப்போது அரங்கமே அதிர அம்மாவின் குரல்: "டேய், மெதுவாடா! அவன் கயிறுடா உன் இடுப்புல!"

அரை வினாடி திரும்பினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் திறந்தபோது விளக்கும், அதற்குக் கீழே பிரபுவின் முகமும் தெரிந்தன.

"கிள்ளான் கொமுட்டர்ல படுக்க இடம் பிடிக்கவா லா?" என்றான்.

தோற்றேன். ஆனால் எடையில் தேறியதால் ஒப்பந்தம் பிழைத்தது. அடுத்த இரண்டு சண்டைகளையும் ஜெயித்தேன். அதற்குப் பிறகும் நிறைய ஜெயித்திருக்கிறேன், இன்னும் ஜெயிப்பேன். பிரபு இப்போது என் பயிற்சிக் கூட்டாளி. தீபாவளிக்கு அம்மா முதல் முறுக்குத் தட்டை அவனிடம்தான் நீட்டுவார். வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், கல்யாணமோ கோயிலோ, "குறடு எடுத்தாச்சா?" என்று கேட்காமல் அப்பா வண்டியை எடுப்பதில்லை.

போன மாதம் என் மகனுக்கு அரைஞாண் கட்டினோம். தாய்மாமன் முறைக்குப் பிரபுதான் நிற்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தார் (அவன் தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன், கயிற்றைத் திருப்பிக் கொடுக்க ரவாங்குக்குப் போனது இன்னொரு கதை). பிரபு ஆசையாக வெள்ளிக் கொடி ஒன்று வாங்கி வந்திருந்தான். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"கயிறே போதும்பா. இவன் நாளைக்கு என்ன எடைல சண்டை போடுவானோ!"