சித்திரக் கொப்பியில் ஏறிய அட்டை

எனக்குக் கவலைப்படத் தெரியும். அதைத் தவிர வேறு எதையும் அவ்வளவு திருத்தமாகக் கற்றுக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டேன். கவலையை மட்டும் இன்றுவரை விடவில்லை. மழை பெய்தால் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் சரியுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் கொழுந்து குறைந்து வேலை குறையுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், எதையோ மறந்துவிட்டேனே, அது என்ன என்று கவலை. ("ஒரு நாளு கவல இல்லாட்டி ஒனக்குக் காய்ச்சல் வந்துரும்" என்பார் என் வீட்டுக்காரர்.)

இப்படிப்பட்ட ஒருத்தியை நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு கதிரையை வைத்து, அதில் உட்கார வைத்து, இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் அசையாமல் இரு என்றால் என்ன நடக்கும்? ஐந்து வருடத்துக்கு முன்னால் அதுதான் நடந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருக்கிறது. மகள் நிரோஷா அப்போது எட்டாம் வகுப்பு. காலையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது பெரிய பாடு. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் சப்பாத்து ஈரம். "எனக்குப் படிப்பு வரலம்மா, நானும் ஒங்கூட கொழுந்தெடுக்க மலைக்கி வாரேன்" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுப்பேன். ஏனென்றால் நானும் என் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். என் அம்மா சரி என்றுவிட்டார்.

அப்போதுதான் சித்திர சார் வந்து சேர்ந்தார். ஹாலிஎலையில் இருந்து தற்காலிகமாக வந்த இளம் பிள்ளை. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. ஆளுக்கு ஒரு சித்திரக் கொப்பி வாங்கச் சொல்லி, முதல் பக்கத்தில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே பொருளை ஐந்து நாள் வரை. தாளைப் பார்க்காமல் வரை. பென்சிலைத் தூக்காமல் ஒரே கோட்டில் வரை. இடது கையால் வரை. இப்படிப் பன்னிரண்டு.

வயிற்றுவலி அன்றோடு போனது. எங்கள் நிம்மதியும் போனது. ஐந்து நாள் வரைய வேண்டிய பொருளாக அவள் கேத்தலைப் பிடித்துக்கொண்டாள். "அசைக்காதீங்க, நெழல் மாறிரும்" என்று அடுப்பு மேட்டில் காவல் இருந்தாள். ஐந்து நாளும் சோற்றுச் சட்டியில் தேத்தண்ணி போட்டோம். அதில் பருப்பு வாசம் வந்தது. அடுத்து, தாளைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தை வரைந்தாள். ஒரு கண் நெற்றியிலும் மற்றது தாடையிலும் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். (கண்ணாடிப் பக்கமே போகாத மனிதர் போய்ப் பார்த்தார் என்பதுதான் விசேஷம்.)

ஒரு நாள் கொப்பியோடு ஒரு துண்டுக் கடிதம் வந்தது. "அம்மாவை நாளை மறுநாள் அழைத்து வரவும்." அவ்வளவுதான். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி பண்ணின?"

"நான் ஒன்னும் பண்ணலம்மா. ஓங் கைய வரைஞ்சிருந்தேன்ல, கொழுந்துக் கற புடிச்ச கை. அதப் பாத்துட்டு, இவங்களையே கூட்டிட்டு வா, எல்லாரும் பாத்து வரையட்டும்னு சார் சொன்னாரு. நீ சும்மா உக்காந்தா போதும்."

சும்மா உட்கார வா என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்குப் பதினொரு மணிக்குப் பதுளைக் கல்விக் கந்தோரில் இருந்து அதிகாரி ஐயா ஒருவர் வருகிறாராம். கொப்பிகளைப் பார்த்துத் திருப்தி என்றால் சித்திர சார் இருப்பார். இல்லாவிட்டால் அந்தத் தவணையோடு சித்திரப் பாடம் இல்லை.

"சார் போனா நானும் போவ மாட்டேன்" என்றாள், ஏதோ கடைக்குப் போக மாட்டேன் என்பது போல.

ஆக, என் மகள் படிப்பாளா மாட்டாளா என்பது, நான் அசைவேனா மாட்டேனா என்பதில் வந்து நின்றது. கவலைப்பட இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? பயிற்சி எடுத்தேன். அரிசிப் பெட்டிமேல் நான் உட்கார, வீட்டுக்காரர் போனில் நேரம் பார்த்தார். பத்தாவது நிமிடம் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னங்க, அசைஞ்சிட்டேனா?"

"இல்ல, மூச்சு விடுறியான்னு பாத்தேன்."

அன்று காலை கல்யாணத்துக்குக் கட்டிய மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டினேன். வழியில் நிரோஷா சட்டம் படித்துக்கொண்டே வந்தாள். "சார்க்கிட்ட நான் நல்லா படிக்கிறேனான்னு கேக்காத. எந் தலையத் தடவாத. முக்கியமா அசையாத. நீ அசைஞ்சா எல்லாருக்கும் படம் கெட்டுரும்."

இந்த இடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலைக்குப் போகிற எந்தப் பொம்பளையும் கால்களுக்குத் துணி துவைக்கிற சவுக்காரம் பூசாமல் போக மாட்டாள். சவுக்கார வாசத்துக்கு, இரத்தம் குடிக்கிற அட்டை ஏறாது. இருபது வருடமாக ஒரு நாளும் நான் தவறியதில்லை. அன்று மட்டும், பிள்ளைகளுக்குச் சவுக்காரம் நாறுமே என்று கவலைப்பட்டு, பவுடர் போட்டுக்கொண்டு போனேன். போதாததற்கு, றோட்டில் போனால் சேலையில் சேறு அடிக்கும் என்று தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் போனேன்.

மேசைமேல் ஏறிக் கதிரையில் உட்கார்ந்தேன். சார் என் கைகளை மடியில் வைத்து, "அந்த ஜன்னலையே பாருங்கம்மா" என்றார். பிறகு பிள்ளைகளிடம், "யாரும் பேசக் கூடாது. நான் கைதட்டும் வர பென்சில வைக்கக் கூடாது. தெரிஞ்சத வரையாதீங்க, பாக்குறத வரைங்க" என்றார்.

தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். கண்ணின் கீழ் ஓரத்தில், என் முழங்காலில், மஞ்சள் சேலைமேல் கருப்பாக ஒன்று எழுந்து நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையை ஆட்டியது. அட்டை.

வேறு இடமாக இருந்தால் பேச்சைக்கூட நிறுத்தாமல் ஒரு சுண்டு சுண்டியிருப்பேன். என் வாழ்நாளில் சுண்டிய அட்டைகளைச் சேர்த்தால் ஒரு கூடை நிறையும். ஆனால் சுண்டினால் கை அசையும். கை அசைந்தால் இருபத்தெட்டுப் படம் கெடும். படம் கெட்டால் சார் போவார். சார் போனால் என் மகள் அடுத்த வாரம் கூடையோடு என் பின்னால் வருவாள். அட்டையா மகளா என்று வந்துவிட்டது. நான் ஜன்னலையே பார்த்தேன்.

சார் கைதட்டினார். "அடுத்தது, பென்சிலத் தூக்காம ஒரே கோடு. அம்மா, நீங்க வேணும்னா கொஞ்சம் கை காலை ஆட்டிக்கங்க."

கடவுளே வந்து கதவைத் திறந்த மாதிரியான நேரம் அது. ஆனால் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இது சோதனை. அசைகிறேனா என்று பார்க்கிறார். நான் உதட்டை அசைக்காமல் "வேணாங்க சார்" என்றேன். சார் மெச்சிப்போனார். "பாத்தீங்களா பிள்ளைகளா, என்ன பொறுமை" என்றார்.

அட்டை என் கைக்கு வந்தது, மோந்து பார்த்தது. இருபது வருடச் சவுக்காரமும் கொழுந்துக் கறையும் ஊறிய கை, அதற்குப் பிடிக்கவில்லை. சேலை மடிப்பு வழியாக மேலே ஏறியது. இடுப்பு, தோள். அடுத்த கைதட்டலுக்குக் கழுத்து. பிறகு இடது காது மடலில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. வலிக்கவில்லை. அட்டை கடித்தால் வலிக்காது. மனசுதான் கடிபடும்.

நிரோஷா முன் வரிசையில் இருந்தாள். கண்ணை உருட்டினாள், புருவத்தைத் தூக்கினாள், தன் காதைச் சொறிந்தாள். 'அசையாத' என்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் விறைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூச்சைக்கூடக் குறைத்தேன்.

பின் வரிசையில் சாரின் குரல் கேட்டது. "என்னடா இது, தோள்ல கருப்பா? கற்பனை வேணாம்னு சொன்னேன்ல?"

"பாக்குறததான் சார் வரைஞ்சேன்" என்றான் ஒரு பையன் அழாக்குறையாக.

"அது சேலையில குத்துன ஊசியா இருக்கும். பேசாம வரை."

பதினொரு மணிக்குக் கந்தோர் ஐயா வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கண்ணாடி, முகத்தில் எதையும் காட்டாத மனிதர். பிள்ளைகள் எழும்பப் போனார்கள். "வேணாம், வரையுங்க" என்று கையமர்த்தினார். வரிசை வரிசையாக நடந்தார். ஒரு கொப்பிக்கு முன்னால் நின்றுவிட்டார். நிரோஷாவின் கூட்டாளி ஒருத்தியுடையது.

"சார், இந்தப் பிள்ளை நல்லாத்தான் வரையுது. ஆனா இந்தக் காதுல சின்னத் தோடு, அந்தக் காதுல ஏன் இவ்வளவு பெரிய தொங்கட்டான்?"

சித்திர சாருக்கு வேர்த்தது. ஐயா கொப்பியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அதை என் முகத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்து, படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் கிட்ட வந்தார்.

அரை மணி நேரம் குடித்து, புளியங்கொட்டை அளவு பருத்திருந்த அட்டை, அந்த நேரம் பார்த்துப் பிடியை விட்டது. விரித்த கொப்பியில், வரைந்த அட்டைமேலேயே பொத்தென்று விழுந்தது.

ஐயா "அம்மே" என்று அலறினார். கொப்பி ஜன்னலுக்குப் பறந்தது. பின்னால் ஓர் எட்டு வைத்தவர் மேசைக்காலில் தடுக்கி மல்லாந்தார். மேசை விலகியது. என் கதிரையின் ஒரு கால் இடுக்கில் இறங்கியது. சித்திர சார் ஓடிவந்து என்னைப் பிடித்தார். பிடித்ததில் அவரும் சேர்ந்து விழுந்தார். நான் மட்டும், விழும்போதும், கைகளை மடியில் வைத்தபடி, ஜன்னலையே பார்த்துக்கொண்டு விழுந்தேன். இதை நான் சொல்லவில்லை. பல கொப்பிகளில் பதிவாகியிருக்கிறது. ஏனென்றால் சார் கைதட்டவில்லை. கைதட்டும்வரை பிள்ளைகள் பென்சிலை வைக்கவில்லை.

எழுந்து நின்றேன். காதில் இருந்து இரத்தம் வடிந்து மஞ்சள் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பாடம் முடிந்தது, சார் வேலை முடிந்தது, மகள் படிப்பு முடிந்தது. அழுகை வந்தது. "ஐயா, சார் மேல தப்பில்லைங்க. நான்தான் சவுக்காரம் பூசல" என்றேன். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்?

அவர் தூசியைத் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு கொப்பியாகப் புரட்டினார். ஒன்றில் அட்டை முழங்காலில். ஒன்றில் இடுப்பில். ஒரே கோட்டுப் படத்தில் அட்டையும் சேலையும் பிரிக்க முடியாமல் ஒரே கோடு. தாளைப் பார்க்காமல் வரைந்ததில் அட்டை மட்டும் சரியான இடத்தில் இருக்க, மூக்கு தோளில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் அவரே கால் இரண்டையும் தூக்கியபடி இருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒருத்தராவது இந்த அம்மாவுக்குச் சொல்லக் கூடாதா?"

"பேசக் கூடாதுன்னு சார் சொன்னாருங்க" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

அவருடைய மேலுதடு துடித்தது. நான் கோபம் என்று பயந்தேன். திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அறிக்கையில் எழுதினார். சார் பிறகு அதைக் காட்டினார்: "இவ்வகுப்பு மாணவர் கண்டதைக் கண்டபடியே வரைகின்றனர்." சார் தங்கினார். அட்டையைக்கூடச் சரியாக வரைகிற பிள்ளைகள் என்று பெயராகிவிட்டது.

ஒரே ஒரு கொப்பியில்தான் அட்டை இல்லை. இரண்டு காதிலும் சின்னத் தோடு, இரத்தமும் இல்லை. வகுப்பிலேயே குறைந்த புள்ளி அதற்குத்தான்.

"நீ முன்னுக்குத்தானே இருந்த, ஒனக்குத் தெரியலையா?" என்று ஐயா கேட்டார்.

"தெரிஞ்சது" என்றாள் நிரோஷா தரையைப் பார்த்து. "அவங்க எங்கம்மா, ஐயா."

நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

அவள் இப்போது பதுளையில் தங்கி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சித்திரமும் ஒரு பாடம். அந்தப் படத்தை அவள் அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வந்தவர்கள் அழகு என்றால், "எல்லாம் சரி, அந்த எடப்பக்கத் தோடு மட்டும் பொய்" என்று தொடங்கி முழுக்கதையும் சொல்லாமல் விட மாட்டார். வீட்டில் யாரையாவது போட்டோ எடுத்தால் நிரோஷா "அசையாதம்மா" என்பாள். நான் படத்திலேயே இல்லாவிட்டாலும் சொல்வாள்.

போன மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க லுணுகலைக்குப் போனேன். ஸ்டூடியோப் பையன் கேமராவை இறக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, எங்கயோ சவுக்காரம் மணக்குதே?"

"காதுல" என்றேன், உதட்டை அசைக்காமல்.