இஞ்சினியரின் காருக்கு நான் வைத்த எண்ணெய்

நன்றி இல்லாதவர்களால் உலகத்துக்கு அப்படியொன்றும் பெரிய நட்டம் இல்லை. நன்றி காட்டியே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு கையில் வாளியும் மறு கையில் எண்ணெய்ப் போத்தலுமாக அவர்கள் வந்தால், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிடுவது உத்தமம். வேறு யாரையும் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். இத்தாலியின் பலேர்மோவில், ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், எமீலியா என்ற சின்யோராவின் வீட்டில் (வீட்டு அம்மாவை அங்கே சின்யோரா என்பார்கள்) வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவரும் மகள் நிரூபாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் புறப்படும்போது நிரூபாவுக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து ஆகப் போகிறது. முந்திய ஆடி மாதம் ஒருநாள் போனில் கணவர், "அம்மாவோடை கதையுங்கோ பிள்ளை" என்று சொல்ல, "எந்த அம்மா?" என்று அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு நான் உரித்த வெங்காயத்துக்கு அளவில்லை. (அழுகைக்கு ஒரு காரணம் காட்ட வேண்டுமே.)

சின்யோரா வெங்காயத்தை நம்பவில்லை. விசாரித்தார். விஷயம் தெரிந்ததும், "அவையளை இஞ்சை கூப்பிடுவம்" என்றார். (அவர் கதைத்தது இத்தாலியன்தான். என் ஞாபகத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத்தில்தான் கதைக்கிறார்கள், மன்னிக்கவும்.) சொன்னதோடு விடவில்லை. ஆறு மாதம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். மொட்டைமாடியில் இருந்த இரண்டு அறைகளை எங்களுக்கு ஒதுக்கினார். கடைசியில் குவெஸ்தூராவில், அதாவது எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரரின் காகிதங்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவணை கிடைத்தது. சின்யோரா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த தவணை எப்போது என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்கே தெரியாது. மறந்துபோகாமல் இருக்க, எல்லாக் காகிதங்களையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு, செவ்வாய்க்கிழமையே காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் சின்யோரா.

அந்தக் கார் சின்யோராவின் கணவருடையது. ஊரே அவரை "இஞ்சினியர்" என்றுதான் கூப்பிடும். அவர் வடக்கே, பனிமலை அடிவாரத்தில் பிறந்தவர். ஒரு பாலம் கட்ட பலேர்மோவுக்கு வந்து, சின்யோராவைக் கண்டு, இங்கேயே தங்கிவிட்டார். முப்பது வருடமாக அவருக்கு ஒரே ஒரு குறை. இந்த ஊரில் காலையில் உறைபனி விழுவதில்லை. கார் கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்டுவதற்கென்று மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சுரண்டி வைத்திருந்தார். ஊரில் இருந்து கொண்டுவந்தது. முப்பது வருடமும் அது காருக்குள் சும்மா கிடந்தது. "உதாலை ஐஸ்கிறீமாவது சுரண்டுங்கோவன், இஞ்சினியர்" என்று கட்டடத்தின் வாசல் காவலர் தூரி பகிடி விடுவார்.

பனி இல்லாவிட்டால் என்ன, விதிகள் இருந்தன. மாரியில் கார் கழுவுவது எப்படி என்று ஞாயிறு தோறும், வாளியோடு நிற்கும் எனக்கு இஞ்சினியர் வகுப்பு எடுப்பார். வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் கழுவ வேண்டும். தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிதண்ணீர் பட்டால் வெடித்துவிடும். கதவு இறப்பரில் ஒரு சொட்டு ஈரம்கூட நிற்கக் கூடாது. நின்றால் இரவில் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். துடைத்த பிறகு இறப்பருக்குக் கிறீஸ் பூச வேண்டும். பூட்டுத் துவாரத்துக்குள் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தேவாரத்தைக்கூட நான் இவ்வளவு பிழையில்லாமல் பாடமாக்கியதில்லை.

அந்தக் கிழமை குளிரென்றால் அப்படியொரு குளிர். மொந்தே பெல்லெக்ரினோ மலையின் உச்சி வெள்ளையாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் ஆபிரிக்காப் பக்கத்துச் செம்புழுதியைச் சுமந்துகொண்டு ஒரு மழை பெய்து, கார் முழுக்கச் சேறு. இஞ்சினியருக்கோ இடுப்பை நிமிர்த்த முடியாத நாரிப்பிடிப்பு. சுடுதண்ணீர்ப் பையை நாரிக்குக் கொடுத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். புதன்கிழமை மத்தியானம் சின்யோரா சந்தைக்குப் போய்விட்டார். எனக்காக நாளைக்குப் போகிற கார் இப்படிச் சேற்றோடா போவது என்று எனக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் எனக்குச் செய்ததற்கு நான் என்னத்தைத் திருப்பிச் செய்தேன்? ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் முற்றத்துக்கு இறங்கினேன்.

இஞ்சினியர் பார்த்திருந்தால் சான்றிதழே கொடுத்திருப்பார். நல்ல வெயில், இளஞ்சூட்டுத் தண்ணீர், மேலிருந்து கீழே கழுவல். நான்கு கதவு இறப்பரையும் விரலில் துணி சுற்றித் துடைத்தேன். உள்ளே இருந்த நீலக் கோப்பை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு கிறீஸ் தகரத்தைத் திறந்தால், அது வெறும் தகரம்.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. எண்ணெய் எண்ணெய்தானே! ஊரில் இருந்து ஒருவர் காவி வந்து கொடுத்த அருமையான தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. தலைக்குச் சொட்டுச் சொட்டாகப் பாவித்து வந்தேன். மேலே ஓடிப்போய் அதை எடுத்தேன். மாரியில் வழக்கம் போல அது வெள்ளைக் கட்டியாக இருந்தது. தினமும் காலையில் செய்வது போலவே சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினேன். அந்த நேரத்தில்கூட "ஏனடி இதை உருக்கிறாய்?" என்று என் மூளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இறப்பருக்கெல்லாம் வழிய வழியப் பூசினேன். பூட்டுக்கு ஒரு சொட்டு என்பது விதி. எனக்கு இருந்த நன்றிக்கடனுக்கு ஒரு சொட்டு காணுமா? முன்கதவுப் பூட்டுகள் இரண்டுக்கும் தேக்கரண்டியால் ஊற்றினேன். மிச்ச எண்ணெயை வீணாக்குவானேன் என்று துணியில் நனைத்துக் கண்ணாடிகளுக்கெல்லாம் தேய்த்தேன். வெயிலில் கார் கண்ணைப் பறித்தது. அந்தப் பக்கம் வந்த தூரி வாயைப் பிளந்தார்.

"என்ன வசந்தி, காருக்குக் கலியாணமோ?"

அன்று பின்னேரம் கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேரும், நாளைக்கு எல்லாம் சரி வருமோ?" என்று கேட்டார் கணவர்.

"ஓம், ஓம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. காரே பளபளக்குது."

"காரோ? காருக்கும் இதுக்கும் என்னப்பா?"

"பேந்து சொல்லுறன்" என்று பெருமையோடு வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் கீழே இறங்கினோம். மூச்சு புகையாக வந்தது. நாரியைப் பிடித்தபடி முன்னால் போன இஞ்சினியர் சடாரென்று நின்றார். காரின் கண்ணாடிகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பிரினா!" என்றார். அவர்கள் மொழியில் உறைபனி. "எமீலியா, ஓடி வாரும்! பலேர்மோவிலை பிரினா!"

அவருடைய நாரி நிமிர்ந்ததை என் கண்ணால் கண்டேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ரை சுரண்டி!" என்று காரை நோக்கி ஓடினார். (முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதனுக்குக் கிடைத்த சந்தோஷம். நாசமாய்ப் போவாள் வசந்தி.)

திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் போகவில்லை. குனிந்து துவாரத்தைப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக, கடினமாக ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது. இஞ்சினியரின் முகம் மாறியது. எட்டிப் பார்த்த தூரி இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

பூட்டுக்குள் பசை ஊற்றினால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிரட்டிக் காசு பறிக்கும் சில பேருக்குக் கப்பம் கட்ட மறுத்த கடைகளின் பூட்டுகளில்தான் காலையில் அப்படிப் பசை இருக்கும். அது முதல் எச்சரிக்கை. இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"நான் ஒண்டும் காணேல்லை. ராத்திரி எனக்கு நல்ல நித்திரை" என்றார் தூரி. அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மேலே இரண்டு யன்னல்கள் திறந்தன, ஒன்று மூடிக்கொண்டது. சின்யோரா சுவரில் சாய்ந்துவிட்டார். "ஆரோடையும் கொழுவினியளோ?"

இஞ்சினியர் யோசித்தார். "போன கிழமை மீன்காரனிட்டை மீன் பழசு எண்டு சொன்னனான்..."

"ஐயோ, ஏன் சொன்னனீங்கள்!"

"தூரி, கராபினியேரிக்குப் போன் அடியும். பொலிஸ் வந்து பாக்கும்வரைக்கும் ஒருத்தரும் காரிலை கை வைக்கப்படாது."

சின்யோரா என்னைப் பார்த்தார். "வசந்தி, உம்மடை காகிதமெல்லாம் உள்ளையெல்லோ கிடக்கு" என்றார். பயந்துபோய் நின்ற நேரத்திலும் அந்த மனுசிக்கு என் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

எனக்கோ வெள்ளையைக் கண்ட கணமே விளங்கிவிட்டது. சொல்லாவிட்டால் பொலிஸ் வரும், தவணை போகும். சொன்னால், நான் பயப்படுத்திய இதே மனுசி கோபித்துக்கொண்டு மேலே ஏறிப் போனால் என்ன செய்வேன்? ஒரு நிமிடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. தூரி போன் எடுக்கத் திரும்பினார். "எந்த அம்மா?" என்ற அந்தக் குரல் காதுக்குள் கேட்டது.

"அது பசை இல்லை" என்றேன். "என்ரை தலை எண்ணெய்."

யாருக்கும் விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் கொண்டையை அவிழ்த்து, பின்னலை இஞ்சினியரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மணந்து பாருங்கோ."

அவர் பின்னலை மணந்தார். குனிந்து பூட்டை மணந்தார். திரும்ப நிமிர்ந்து பின்னலை மணந்தார். இஞ்சினியர் அல்லவா, சரிபார்க்காமல் விடுவாரா?

"இது குளிருக்கு உறையுமோ?"

"ஓம். ஒவ்வொரு நாள் காலமையும் உறையும்."

"அது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சும்?"

"ஓம்" என்றேன்.

சின்யோரா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "உறைஞ்சது உருகும்தானே? கெதியா உருக்குங்கோ! பிள்ளை அங்கை காத்துக்கொண்டிருக்குது" என்றார்.

வீரம் திரும்பிய தூரி ஓடிப்போய் ஒரு கேத்தல் கொதிதண்ணீரோடு வந்தார். "கொதிதண்ணி வேண்டாம்! கண்ணாடி வெடிக்கும்!" என்று இஞ்சினியர் போட்ட சத்தத்தில் மாடியில் மூடிய யன்னலும் திறந்துகொண்டது. முப்பது வருடமாகச் சொல்லிவந்த விதிக்கு அன்றுதான் வேலை வந்தது. முதலாம் மாடியில் இருந்த விதவை அம்மா யன்னலால் மின்வயரைக் கீழே விட்டார். சின்யோராவின் தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பூட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் முழங்காலில் நின்றேன். சின்யோரா திறப்பை உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கித் தந்தார். கால் மணித்தியாலம் போனது. எண்ணெய் என் கை வழியாக முழங்கை வரைக்கும் ஒழுகியது. பூட்டு "டக்" என்றது.

திறந்தது சாரதிப் பக்கத்துக் கதவு மட்டும்தான். மற்ற முன்கதவு உள்ளே இருந்தும் திறபடவில்லை, அதன் பூட்டை உருக்க நேரமும் இல்லை. பின்கதவுகளோ இறப்பரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. மென்மயிர்க் கோட்டோடு சின்யோரா கியர்க் கம்பைத் தாண்டித் தவழ்ந்து போனார். பின்னால் நான். இஞ்சினியர் ஆறுதலாகத் தன் மஞ்சள் சுரண்டியை எடுத்து, முன்கண்ணாடியை இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரைக்கும் சுரண்டினார். வெள்ளைச் சுருள் சுருளாகத் தேங்காயெண்ணெய் விழுந்தது. நேரம் ஓடுகிறது, மனிதர் ரசித்துச் சுரண்டுகிறார்!

குவெஸ்தூராவில் நாங்கள் ஓடிப்போய் ஏறியபோது ஒன்பது தாண்டிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் எங்களுக்கு முதல் வந்தவர் ஏதோ ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. சின்யோரா கையெழுத்துப் போட்ட இடத்தில் எண்ணெய் விரலின் அடையாளம் கண்ணாடி போலத் தெரிந்தது. அதிகாரி மூக்கைச் சுருக்கினார்.

"என்ன மணம் இது?"

சின்யோரா இமை வெட்டவில்லை. "எங்கடை வீட்டு மணம்" என்றார்.

அந்த நேரத்தில் நான் அவருக்கு நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் நேப்பிள்ஸில் இருந்து வந்த கப்பலில் இருவரும் பலேர்மோ துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இஞ்சினியர்தான் என்னைக் கூட்டிப்போனார். நிரூபா தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மாவெல்லே, போங்கோ" என்று அவர் எவ்வளவு சொல்லியும் என்னிடம் வரவில்லை. அந்நிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மூன்று வருடம் நான் கனவு கண்ட நாள் அது. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன்.

வெயிலில் நின்ற கார். இறப்பரில் ஊறிக்கிடந்த எண்ணெய் உருகி, ஒரு தேங்காய் மணம் குப்பென்று அடித்தது. நிரூபா மூக்கை உயர்த்தினாள். தகப்பனின் காலை விட்டாள். மெல்ல மெல்ல வந்து, தானாகவே காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏறிய என் பின்னலைப் பிடித்து மணந்து பார்த்தாள். அதற்குப் பிறகு என் மடியை விட்டு இறங்கவே இல்லை.

"இதென்னப்பா, கார் முழுக்க எங்கடை வீட்டு மணம்?" என்றார் கணவர். இஞ்சினியர் பின்னால் திரும்பி, எண்ணெய் தேய்த்து வாரியிருந்த பிள்ளையின் தலையை மணந்தார். "பிரினா!" என்று கத்திவிட்டு, கார் ஓட்ட முடியாமல் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

இஞ்சினியர் இப்போது இல்லை. நிரூபா கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்த நாளில், அந்த மஞ்சள் சுரண்டியை அவள் கையில் கொடுத்தார். "பலேர்மோவிலை இதுக்கு வேலை தந்தது உம்மடை அம்மா ஒருத்திதான்" என்றாராம்.

அவள் இப்போது வடக்கே வேலை செய்கிறாள், இஞ்சினியரின் மலைகளுக்குப் பக்கத்தில். மாரி தொடங்கி, கார் கண்ணாடி முதல் முதலாக வெளுக்கும் காலையில் எனக்கு எப்படியும் போன் வரும். போன வருடமும் வந்தது. சுரண்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"அம்மா, இண்டைக்கு விழுந்தது உண்மையான பிரினா" என்றாள். "மணந்து பாத்திட்டுத்தான் சொல்லுறன்."