கடலை அவித்த அணு உலை

பட்ட அவமானத்தை எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் 'அப்போது எனக்குச் சின்ன வயது, தெரியாமல் செய்துவிட்டேன்' என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்கமாட்டேன். எனக்கு அப்போது பதினேழு வயது, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் போனது ஒன்றே ஒன்று: அம்மா கைப்பைக்குள் என்ன வைத்திருந்தார் என்பது.

ரேடியோவில் சண்டை நிறுத்தம் என்று சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கொழும்பு பஸ் ஒழுங்காக ஓடியது. குச்சவெளி மீன் தடையில்லாமல் திருகோணமலைச் சந்தைக்கு வந்தது. துறைமுகத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து யார் யாரோ வந்து போனார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இந்தக் கதையின் விருந்தாளி. தமிழ்நாட்டுக்காரர், அணுமின் நிலையங்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற எஞ்சினியர். பக்கத்துப் பக்கத்து நாடுகள் அணுமின்சாரத்தில் எப்படி ஒத்துழைக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஊருக்கும் வருகிறார் என்றதும், கல்விக் கந்தோர் பாடசாலைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டது. (பின்னேரம் கரண்ட் போனால் விடிவதற்குள் வருமோ வராதோ என்று தெரியாத ஊருக்கு அணுமின்சாரத் தலைப்பு! நாங்கள் அதை ஒரு பகிடியாகக்கூட எடுக்கவில்லை. கொடுத்தால் செய்வோம் என்றுதான் நினைத்தோம்.)

எங்களுக்கு அந்தக் கண்காட்சி வாழ்வா சாவா என்ற விஷயம். எங்கள் பெண்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவில் மொத்தமே மூன்று பேர்: நான், சுகந்தி, இன்னொருத்தி. கல்விப் பணிப்பாளர் ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று எங்களை எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்கு அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"மூண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்காக ஒரு பௌதிக ரீச்சரை வைச்சிருக்க ஏலாது, மிஸ்," என்று எங்கள் அதிபரிடம் சொன்னார். "பேசாமல் கலைப் பிரிவுக்கு மாத்திவிடுங்கோ. இவையள் பௌதிகம் படிச்சு என்ன றொக்கற்றே விடப்போயினம்?"

அதிபர் மெலிந்த, சத்தமில்லாத மனுஷி. "கண்காட்சி முடியட்டும் சேர். பிள்ளையள் என்ன செய்யினம் எண்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. உலகத்து விஞ்ஞானம் முழுவதும் என் இரண்டு பின்னல்களில்தான் தொங்குகிறது என்று நம்பிய காலம் அது. அன்றைக்கே திட்டம் போட்டேன். ஒரு மேசையில் இந்தியா, ஒரு மேசையில் இலங்கை. நடுவில் நீல மை கலந்த தண்ணீர்த் தட்டம், அதுதான் கடல். இந்தியாவில் அணு உலை. அதன் ஆவி தகரச் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றும், மின்சாரம் கடலுக்கு அடியால் கம்பியில் வந்து எங்கள் பக்கத்துக் காட்போட் வீடுகளில் பல்ப் பல்பாக எரியும். துறைமுகம், கோணேசர் மலை, நிலாவெளி, கந்தளாய்க் குளக்கட்டு என்று எங்கள் மாவட்டம் முழுக்கப் பல்ப். கொழும்புக்கு ஒன்று. அதுவும் மங்கல். (கையில் பல்ப் இருக்கிறவர் தீர்மானிக்கிறார், வேறென்ன?)

உலைக்கு அழுத்தம் தாங்கும் பாத்திரம் வேண்டும். அது எங்கள் ஒழுங்கையில், அந்தத் தெரு முழுவதிலும், ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது, எங்கள் வீட்டில். அகதியாக இந்தியா போய்த் திரும்பிய சித்தி, அக்காவின் சீதனத்துக்கென்று ஒரு பிறஷர் குக்கர் கொண்டுவந்திருந்தார். அம்மா அதைப் பெட்டியோடு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார். ஒருநாளும் அடுப்பில் ஏறாத குக்கர்.

"அதிலை கை வைச்சியோ, கை இருக்காது," என்றார் அம்மா.

"கொண்டு போகட்டும் அம்மா," என்றாள் அக்கா. "மாப்பிள்ளையே இன்னும் வரேல்லை. குக்கர் மட்டும் வந்து குந்தியிருக்கு."

கடைசியில் அம்மா இரண்டு நிபந்தனையோடு இறங்கிவந்தார். ஒன்று, குக்கர் எங்கே போகிறதோ அங்கே அவரும் வருவார். மற்றது எண்ணெய் பற்றியது. "மண்ணெண்ணெய்க்குக் கியூவிலை நிண்டது நீயோ நானோ? வெறுந் தண்ணியைக் கொதிக்க வைக்க நான் விடமாட்டன். கடலையைப் போடு. வாற ஆக்களுக்குத் தாளிச்சுக் குடுக்கலாம்."

சண்டைக் காலத்துத் தாய்மாருக்கு மண்ணெண்ணெய் விஷயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. அதை அசைக்க எந்த விஞ்ஞானத்தாலும் ஏலாது. சரி, கடலையை யுரேனியம் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்று நானும் ஒத்துக்கொண்டேன். குக்கரின் தலையில் போடும் வெயிட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். மேல் குழாய் திறந்திருந்தால்தானே ஆவி பாய்ந்து சக்கரத்தில் படும்?

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது சக்கரம் அழகாகச் சுற்றியது. டைனமோ அசையவே இல்லை. கடலை அவித்த ஆவிக்கு அவ்வளவு பலம் போதாது. சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் சுகந்தியைப் பார்த்தேன். கண்காட்சியன்று இந்தியாவின் மேசைக்குக் கீழே, பச்சைத் துணி மறைப்புக்குள், சுகந்தி சம்மணங்கொட்டி இருந்து கையால் டைனமோவைச் சுற்றுவது என்று முடிவாயிற்று. (ஏமாற்று என்று சொல்கிறீர்களா? சொல்லுங்கள். எல்லாப் பெரிய கண்டுபிடிப்புக்கும் கீழே ஒருத்தி இருந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.) மூன்றாமவள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டாள். அது காய்ச்சல் இல்லை, பயம்.

கண்காட்சி மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் மண்மூட்டைக்குப் பின்னால் ஆமிக்காரப் பெடியன் ஒருவன் காவல் நின்றான். எங்கள் மேசை மேடைக்கு மிகப் பக்கத்தில். விருந்தாளி மைக்கைப் பிடித்து நன்றாகவே பேசினார்.

"மின்சாரத்தைப் பகிர்ந்துக்கறது மட்டும் ஒத்துழைப்பு இல்லீங்க," என்றார். "அங்க ஒரு சின்னக் கோளாறு ஏற்பட்டாக்கூட இங்க உடனே சொல்லணும். காத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது."

நல்ல பேச்சுத்தான். ஆனால் அம்மா பேச்சைக் கேட்கவில்லை. குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆவியும் வீணாய்ப் போகிறதே, இப்படியே போனால் கடலை எப்போது அவிவது என்பதுதான் அவருடைய கவலை. நான் இலங்கைப் பக்கம் ஒரு பல்பை இறுக்கப் போன நேரம் பார்த்து, கைப்பையைத் திறந்து, வெயிட்டை எடுத்துக் குக்கரின் தலையில் போட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குக்கர் வீல் என்று கத்தியது.

அந்தச் சத்தம் உங்களுக்குச் சோறு. எங்களுக்கு அது ஷெல். கூவிக்கொண்டு வரும், பிறகு வெடிக்கும். அதற்கிடையில் நிலத்தில் படுத்துவிட வேண்டும். இதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. உடம்பே படித்துவைத்திருந்தது. ரேடியோவில் சண்டை நிறுத்தம் என்று சொன்னது உடம்புக்குக் கேட்கவில்லை. ஒரு மூச்சில் மண்டபம் முழுவதும் தரையில். அதிபர், பணிப்பாளர், நடுவர்கள், வெள்ளை யூனிபோம் போட்ட அத்தனை பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்கு மேல் கவிழ்ந்திருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. வாசலில் ஆமிக்காரப் பெடியனும் மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டான். நானும் படுத்தேன், என் குக்கருக்கு நானே.

நின்றுகொண்டிருந்தது விருந்தாளி மட்டும். நான் கிடந்த இடத்திலிருந்து அவருடைய பளபள சப்பாத்து தெரிந்தது.

"என்னங்க? ஏன் எல்லாரும் படுத்துட்டீங்க?" மைக்கில் அவர் சிரிப்பும் குரலும் தனியாகக் கேட்டன. "குக்கர்தானே? ஒரு விசில்தான் வந்திருக்கு. உள்ள என்ன, அரிசியா பருப்பா?"

பக்கத்தில் கிடந்த அம்மாவைப் பார்த்தேன். "என்னம்மா செய்தனீங்கள்?"

"வெயிட்டைப் போட்டனான். கடலை அவியேல்லையடி," என்றார் அம்மா, தரையில் கன்னத்தை வைத்தபடி.

ஒவ்வொருவராக எழும்பி உடுப்பைத் தட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சின்னவர்களைத் தூக்கி நிறுத்துகிற பெரிய பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு குக்கர் பக்கம் திரும்பினார். "விசில் ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார்.

நின்றதற்குக் காரணம், ஒரு கடலைத் தோல் குழாயில் போய் அடைத்ததுதான். அவர் மேசைக்கு வரவும் குக்கரின் மூடியிலிருந்த அடைப்பான் பிய்த்துக்கொண்டு பறக்கவும் சரியாக இருந்தது. டமார்! ஆவியும் கடலையும் கூரை வரை போயின. இந்தியாவிலிருந்து கிளம்பிய கடலை, கடலைத் தாண்டி இலங்கை முழுக்கக் கொட்டியது. கொழும்பு சரிந்தது. மண்டபம் மறுபடியும் தரையில். இந்த முறை எல்லாருக்கும் முந்திப் படுத்தவர் விருந்தாளி. பணிப்பாளர் அவசரத்தில் இந்தியாவின் மேசைக்குக் கீழே பாய்ந்துவிட்டார். அங்கே சுகந்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு டைனமோவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தாலும் நிற்பாட்டக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவள் சொல் கேட்கிற பிள்ளை. உலை வெடித்த பிறகும் திருகோணமலை ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஆமிக்காரப் பெடியன் துவக்கோடு ஓடிவந்தான். "மொகத? மொகத?" என்றான். என்ன, என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான். அதிபர் தன் சேலையிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக் காட்டி, "கடல," என்றார். கடலைக்குச் சிங்களத்திலும் அதே பெயர்தான் என்பதால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பணிப்பாளர் தவழ்ந்து வெளியே வந்தார். தலைமயிரில் யுரேனியம். "முழுக்க ஏமாத்து!" என்று கத்தினார். "கீழை ஒரு பெட்டை இருந்து சுத்துறாள்! நாட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னாலை மானத்தை வாங்கிப்போட்டியள். இப்பவே அவரிட்டை மன்னிப்புக் கேள். இல்லாட்டி இண்டையோடை உங்கடை வகுப்பு முடிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'கேட்டுவிடடி' என்று அம்மா கண்ணால் சொன்னார். ஒரு சொல்தான், சொல்லியிருக்கலாம். ஆனால் தரையில் கிடந்த பிள்ளைகள் என் கண்ணுக்குள் நின்றார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. பொல்லாத கோபம்தான் வந்தது.

"ஏன் சேர் கேக்கவேணும்?" என்றேன். "இவர் சொன்னதைத்தான் நாங்கள் செய்து காட்டினனாங்கள். விசில் அடிச்சவுடனை இவருக்குத் தெரிஞ்சிட்டுது, சோறு எண்டு. எங்களுக்குத் தெரியேல்லை. நாங்கள் விழுந்து படுத்தம். நாளைக்குப் பக்கத்து நாட்டிலை உண்மையான உலையிலை ஒரு சத்தம் கேட்டால், அது சோறோ சாவோ எண்டு எங்களுக்கு ஆர் சொல்றது? சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். கேட்டு விளங்கிறதுக்கு இஞ்சையும் பௌதிகம் படிச்ச ஆள் வேணும். நீங்கள் வகுப்பை மூடினால் நாங்கள் ஆயுசு முழுக்கப் படுத்துத்தான் கிடக்கவேணும், சேர்."

விருந்தாளி தன் சட்டைப் பையில் விழுந்திருந்த ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார்.

"நல்லா வெந்திருக்கு," என்றார்.

"உப்புக் காணாது," என்றார் அம்மா.

"சார்," என்று பணிப்பாளரைப் பார்த்தார் விருந்தாளி. "நான் அரை மணி நேரமா மைக்ல சொல்லிட்டிருந்ததை இந்தப் பொண்ணு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டா. மன்னிப்புக் கேக்கணும்னா, நின்னுக்கிட்டுச் சிரிச்ச நான்தான் கேக்கணும்."

பணிப்பாளர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "சரி, சரி. வகுப்பு விஷயம் ஆறுதலா யோசிப்பம்."

"யோசிக்க வேண்டாம், சேர்," என்று ஒரு குரல் கேட்டது. சத்தமில்லாத எங்கள் அதிபர்தான். "எல்லாரும் இருக்கிற இடத்திலையே சொல்லிட்டுப் போங்கோ."

"இந்த வருசம் மட்டும்," என்றார் பணிப்பாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்கள் பாடசாலையின் காற்றாலைக்குக் கொடுத்தார்கள். (அந்த மேசைக்குக் கீழேயும் யாரோ இருந்து ஊதியிருக்கிறான் என்பது என் அசையாத நம்பிக்கை.) அக்கா குக்கர் இல்லாமலே கல்யாணம் கட்டி நன்றாகத்தான் இருக்கிறாள். 'இந்த வருசம் மட்டும்' என்ற அந்த வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. அங்கே பௌதிகம் படிப்பிப்பது நான்தான். இந்த வருஷம் கதிரை போதாமல் பக்கத்து வகுப்பில் இரண்டு கடன் வாங்கினோம்.

அக்காவின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்தால் முதல் வேலையாக இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கதை வளரும். பணிப்பாளரின் வழுக்கையில் கடலை ஒட்டியிருக்கும் (அவருக்கு வழுக்கையே கிடையாது), ஆமிக்காரன் வானத்தை நோக்கிச் சுடுவான். நான் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பேன். முடிவுக்கு வரும்போது மூத்தவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அதுக்குப் பிறகு சித்தி அழுதழுது மன்னிப்புக் கேட்டவ," என்பான்.

உடனே நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவேன். "டேய், நான் கேக்கேல்லை!"

வீடே கைதட்டிச் சிரிக்கும். என்னை எழுப்புவதற்காகத்தான் அவன் அப்படிச் சொல்கிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எழும்புகிறேன்.