சராசரியாரும் மாதிரிச் சவர்க்காரமும்

புதுக்குடியிருப்பில் எதையுமே எண்ணாமல் கணக்குச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் சராசரியார்தான். வெளியிலிருந்து சவர்க்காரம் வருவது அரிதாயிருந்த தொண்ணூறுகளில், நாங்களே காய்ச்சி விற்ற சிறு பட்டறையின் களஞ்சியப் பொறுப்பாளர் அவர். நான் அங்கே எழுதுவினைஞன்.

பத்துக் கட்டியை நிறுப்பார், பத்தால் பிரிப்பார். அது ஒரு கட்டியின் சராசரி நிறை. பிறகு முழு மூட்டையையும் நிறுத்து அந்தச் சராசரியால் பிரித்தால், உள்ளே எத்தனை கட்டி என்பது வந்துவிடும். எண்ணுவது படிக்காதவன் வேலை என்பது அவர் கட்சி.

"அந்தாளிட்டை எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டாலும் தராசைத்தான் தேடும்" என்பார் அவர் மனைவி.

தரம் பார்ப்பதும் அதே தராசில்தான். ஒருநாள் கடைக்காரர் ஒருவர் இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒண்டு செங்கல்லு, மற்றது புளியங்கொட்டை. இதென்ன ஐயா?"

"ரெண்டையும் கூட்டி ரெண்டாலை பிரியுங்கோ. சராசரி சரி."

"சனம் பிரிச்சுப் பிரிச்சே குளிக்கிறது?"

ஆண்டு தொண்ணூற்றாறா தொண்ணூற்றேழா என்பதில் எனக்கு இன்னும் ஐயமுண்டு, மாதம் சித்திரை. மாரி முடிந்த கையோடு காய்ச்சி அடுக்கிய மூட்டைகளை மறுபடி நிறுத்தார், பழைய சராசரியால் பிரித்தார். கட்டிகள் குறைந்தன! களஞ்சியத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு, பட்டறையில் வேலைசெய்த பார்வதியக்காவிடம் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவாவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

"நான் எடுக்கலைங்க ஐயா. எண்ணித்தான் பாருங்களேன்."

"தராசு பொய் சொல்லாது" என்றார் சராசரியார். பட்டறை முகாமையாளர் அவாவை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்.

சராசரியாரின் அலுமாரியில் ஒரு மாதிரிச் சவர்க்காரம் இருந்தது. காய்ச்சிய அன்று சராசரி நிறைக்கு மயிரிழை பிசகாமல் நின்ற கட்டி. சாமிப் படத்துக்குக்கூட அத்தனை பக்குவம் கிடையாது. தன் கணக்கை முகாமையாளருக்கு நிரூபிக்க அதை எடுத்துத் தட்டில் வைத்தார். நிறை குறைந்திருந்தது.

முகாமையாளர் குனிந்து பார்த்தார். "அண்ணை, உங்கடை கணக்குப்படி இது முழுச் சவுக்காரம் இல்லையே. மிச்சத்தையும் பார்வதியோ எடுத்தவா?"

கட்டிகளை யாரும் எடுக்கவில்லை. சித்திரை வெக்கையில் ஈரம் வற்றி நிறை குறைந்திருந்தன.

சராசரியார் மூட்டைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டி, முழங்காலில் நின்று தொடங்கினார்: "ஒண்டு, ரெண்டு..." ஒரு கட்டியும் குறையவில்லை.

அன்று பின்னேரமே சைக்கிளில் போய்ப் பார்வதியக்கா வீட்டுப் படலையில் நின்றார். நானும் கூடப் போனேன்.

"எல்லாம் கிடக்குது, பார்வதி. பிழை என்ரை. நாளைக்கு வேலைக்கு வாங்கோ."

"எண்ணிப் பார்த்தீங்களா ஐயா?"

"ஓம். ரெண்டு தரம். பிரிக்கேல்லை."

வேட்டியில் இரண்டு முழங்கால்களும் சவர்க்காரத் தூளால் வெளுத்திருந்தன. அதை நினைத்தால் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.