நிகரம் அண்ணாச்சியின் குற்றாலத்து வீடு

சாமிக்குத் தேங்காய் உடைக்கும்போதுகூடக் கழிவு போட்டுப் பார்த்த மனுசர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தென்காசித் தெருவில் இருந்த நிகரம் அண்ணாச்சி. சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. எவன் லாபம் என்று வாயைத் திறந்தாலும், "செலவு போக நிகரம் என்னலே?" என்பார்.

அவருக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். யுத்தத்துக்கு முந்திய காலம். ஆனியில் சாரல் விழுந்ததும் மதுரை வக்கீல்கள் மோட்டாரில் வந்து இறங்கி, மாசம் ஐம்பது ரூபாய் வாடகை கொடுப்பார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தி முப்பது ரூபாய் வாங்குகிறவன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவில் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதாததற்கு என் சம்சாரம், "அவுக வீட்ல துட்டு அருவியாக் கொட்டுது. நீங்களும் இருக்கியளே!" என்றாள்.

நேரே அவரிடம் போனேன். "அண்ணாச்சி, இலஞ்சியில இவளுக்குச் சீதனமா வந்த வயல வித்துட்டு வாரேன். அந்த வீட்ட எனக்குக் குடுங்க."

"வேண்டாம்லே. நிகரம் ஒண்ணும் நிக்காது."

பொய்! அடுத்தவன் நன்றாயிருக்கப் பொறுக்காத கஞ்சன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. மறுநாளே சாவியோடு வந்து நின்றார்.

"இந்த சீசன நீயே நடத்து. வாடகையும் ஒனக்கு, செலவும் ஒனக்கு. அதுக்குள்ள வயல வித்துராதலே."

முதல் வாரமே குரங்குகள் கூரை ஓடுகளைப் பிரித்தன. வக்கீல் மெத்தையில் மழை. கொத்தனாரோ சீசன் கூலி கேட்டான். வக்கீல் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மாப்பிள்ளைக்குக் குத்தாலத்துல வீடாம்லா!" என்று ஆலங்குளத்திலிருந்து மாமனார் வகையறா வண்டி கட்டிக்கொண்டு வந்து பின்கட்டில் இறங்கியது. அருவியில் குளித்துவிட்டு வந்தவன் பசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இட்லிப் பானை அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. சீசன் முடிந்தபோது சுவரெல்லாம் பச்சைப் பாசி. வெள்ளையடித்துப் பூட்டியபோது என் இரண்டு மாசச் சம்பளம் காலி.

சாவியை அவர் முன்னால் எறிந்தேன். "தெரிஞ்சேதானே குடுத்தியோ?"

"வாயால சொன்னப்ப நம்புனியாலே? எனக்கு ஒரு வருச நட்டம் மிச்சம்!" என்று குலுங்கிச் சிரித்தார்.

"பெறவு ஏன் வச்சிருக்கியோ? வித்துத் தொலைக்க வேண்டியதுதான?"

"பத்து வருசமா ஆள் தேடுதேன். வாங்குதேன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான். ஒன் தலையில கட்ட மனசு வரலலே."

வயல் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. தன்னைக் கண்டு அப்படி வயிறெரிந்தவன்மேல் இப்படிப் பிரியம் வைக்க அவருக்கு எப்படித்தான் முடிந்ததோ, அதை நினைத்தால் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.